பசியாறியாச்சா என்று கேட்டவர்களுக்கு

சுங்கை சிப்புட், பேராக்
மே 2022

எங்கள் தாமான் குடியிருப்பு மக்களுக்கும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபையாருக்கும், மாரியம்மன் கோயில் நிர்வாகத்தாருக்கும், பின்வரிசை வீட்டு மலாய் அம்மா மாக்சிக்குக்கும் மூலை வீட்டு அக்காவின் வணக்கம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் போன மாதம் 17-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு அன்று நான் ஞானஸ்நானம் எடுத்தபோது, பாஸ்டர் ஐயா மைக்கை நீட்டி “ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றார். தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. பல் தந்தியடித்தது. “நன்றி” என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அன்று வாயில் வராததை இங்கே எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. போட்டால் சண்டைக்கு வருவீர்கள்.

என் வீட்டுக்காரர் தவறியது 2020 மார்ச் 8. அன்று வாசலில் கூட்டம் கொள்ளவில்லை. அவரோடு செம்பனைக் குலை வெட்டியவர்கள், அதற்கும் முந்தி பால்வெட்டுக் காலத்தில் இருந்தவர்கள், பழைய கிராணி ஐயாவின் பிள்ளைகள், எல்லோரும் வந்தார்கள். “பதினாறுக்கு வந்துடுறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன், லீவு கிடைக்காமல், காரியத்துக்குத் திரும்பி வருவதாகச் சொல்லி 17-ஆம் தேதி ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போனான். மறுநாள் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பாலத்தை அடைத்துவிட்டார்கள். அது பழையபடி திறந்தது இந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதிதான். இடைப்பட்ட இரண்டு வருஷமும் என் பிள்ளை எனக்குப் போன் திரையில் ஒரு முகம், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு ஊரடங்கு புதிதில்லை. 1948-ல் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலமே இந்த வட்டாரத்தில்தான் ஆரம்பித்தது. ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்துத் துரையைச் சுட்ட கதையை என் மாமியார் சொல்லாத வாரம் கிடையாது. “கம்பி வேலிக்குள்ள அடைச்சாங்கதான். ஆனா எல்லாரையும் ஒண்ணாப் போட்டு அடைச்சாங்க” என்பார். அவர் சொன்னது எனக்கு 2020-ல்தான் புரிந்தது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் சுக்கு தட்டுவார்கள். லயத்தை உடைத்து மலிவு விலை வீடு கொடுத்தபோது முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டவள் நான். உள்ளே ஒரு கிரில் கதவு, வெளியே ஒரு கேட், இரண்டுக்கும் பூட்டு. அந்தப் பூட்டுகளுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் பால் பொங்கியபோது “ஐயோ” என்றேன். குரல் யாரோ பேசியது மாதிரி இருந்தது. மகன் இரவில் கூப்பிடும்போது சொல்லும் “நல்லாருக்கேன்” தவிர, நான் அந்த வாரம் பேசிய சொல் அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் மார்ச் 23, திங்கட்கிழமை. பூசாரி ஐயா வர முடியாத நிலை. போனில் எது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார், அவருக்கும் என் நன்றி. நானே சமைத்தேன், நானே இலை போட்டேன். மகன் பார்க்கட்டும் என்று போனைச் சொம்பில் சாய்த்து வைத்தேன். பின்பக்க மதிலில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு நிற்கிறேன், ஒரு காகமும் காணோம். அப்போது பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் குடையோடு வந்து நின்றார். அவர் சபைக்குப் போகிறவர். படையல் சோறு சாப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். “நீ செய்ய வேண்டியதைச் செய் தங்கச்சி. நான் இங்கதான் நிக்கிறேன்” என்றார். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். காகம் வந்து ஒரு வாய் எடுத்த பிறகுதான் உள்ளே போனார். பிறகு ஒருநாள் “ஏன்க்கா அன்னிக்கு நின்னீங்க?” என்று கேட்டேன். “வீட்டுல வேற என்ன வேலை இருந்துச்சு?” என்றார். அவர் அப்படித்தான்.

மறுநாள் காலை கேட்டில் ஒரு தூக்குச்சட்டி தொங்கியது. நீல மூடி, பிடி பக்கம் எனாமல் பெயர்ந்த சட்டி. உள்ளே இடியப்பமும் சொதியும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து “பசியாறியாச்சா?” என்று குரல். சாப்பிடவில்லை என்று சொன்னால் திட்டு விழும் என்பதற்காகவே சாப்பிட்டேன். நம்மவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒன்றுமில்லை. ஒரு கை சீனி போட்டுத் திருப்பினேன். அடுத்த நாள் கறிவேப்பிலை. அதற்கடுத்த நாள் முருங்கைக் கீரை உருவினேன். கீரை உருவ வெளியே வந்ததால் எதிர்வீட்டுப் பையன் கையசைத்தான், நானும் அசைத்தேன். நான் திரும்ப மனுஷியானது அந்த முருங்கை மரத்தடியில்தான் என்று நினைக்கிறேன். துக்கத்தில் இருப்பவளுக்குச் சோறு கொடுப்பவர்கள் உண்டு. அவளிடமிருந்து ஒரு பிடி கீரையாவது வாங்கிக்கொள்பவர்கள் குறைவு. அக்கா வாங்கிக்கொண்டார். பத்தாத நாளில் “கீரை எங்கடி?” என்றும் கேட்டார்.

ஒருநாள் அவரே, “ராத்திரி எட்டு மணிக்கு நாங்க மூணு பேர் போன்ல ஜெபம் பண்றோம். வாட்சப்புல நாலு பேருதான் சேர முடியுமாம், ஒரு இடம் காலியா இருக்கு. சும்மா கேட்டுக்கிட்டு இரு” என்றார். எனக்கு ஜெபம் தெரியாது, ஆனால் எட்டு மணி என்பது எனக்குப் பெரிய எதிரி. அந்த நேரம்தான் என் வீட்டுக்காரர் மோட்டார் சத்தம் கேட்கும். அதனால் சேர்ந்தேன். அக்கா, பாஸ்டரம்மா, ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, நாலாவதாக நான். முதல் சில நாள் பேசவே இல்லை. வாய் திறந்தது பாட்டி எலியா கதையை வாசித்த அன்று.

எலியா பெரிய தீர்க்கதரிசி. ஆனாலும் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூங்க விடுகிறான். பிறகு இரண்டாம் தரம் எழுப்பி, சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்கிறான். பாட்டி “அடை” என்று வாசித்ததும் நான் குறுக்கிட்டு, “அடையா? கடலைப்பருப்பு அடையா?” என்று கேட்டுவிட்டேன். பாஸ்டரம்மா சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். மார்ச் 8-க்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. வேதத்தில் இருக்கும் கடவுள் கோபக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவர் எங்கள் அக்கா மாதிரி இருந்தார்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12. சபை பூட்டிக் கிடந்தது. பாட்டி அன்று வாசித்தது யோவான் 20. சீஷர்கள் பயந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். பூட்டிய பூட்டு பூட்டியபடி இருக்க, இயேசு வந்து நடுவில் நின்று “உங்களுக்குச் சமாதானம்” என்கிறார். என் வீட்டு கிரில் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அன்று இரவு போனை வைத்த பிறகு, யாருக்கும் தெரியாமல், நானும் ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பார்த்தேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் தூங்கினேன்.

உடனே விசுவாசி ஆகிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அதற்குப் பிறகும் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். “அவரை எடுத்துக்கிட்டு எனக்கு அடை கொடுக்கிறியா” என்று எட்டு மணி ஜெபத்திலேயே கத்தியிருக்கிறேன். பாஸ்டரம்மா என்னை நிறுத்தவில்லை. “சங்கீதக்காரனும் இப்படித்தான்மா கத்தியிருக்கான்” என்றார். ஏப்ரல் கடைசியில் வாட்சப்பில் எட்டுப் பேர் சேரலாம் என்று வந்ததும் குழு பெரிதானது, அதோடு வம்பும் கொஞ்சம் பெரிதானது. அதைச் சொல்லும் முன் உதவிக்கு வந்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் பிரிஹாத்தின் என்ற கொரோனா கால உதவிப் பணம் அறிவித்தது. நாலாயிரம் வெள்ளிக்குக் கீழ் சம்பளம் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, ஏப்ரலில் ஆயிரம், மே மாதம் அறுநூறு. எங்கள் வீட்டில் குடும்பத் தலைவர் பெயர் அவருடையது. ஓர் அலுவலகத்துக்கு மூன்று தரம் போனேன். இறந்தவர் நேரில் வர வேண்டும் என்று சொல்லாததுதான் குறை. எதிர்வீட்டுப் பையன் தன் போனில் மேல்முறையீட்டைப் பூர்த்தி செய்து, மரணச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினான். தம்பி, அந்தப் பணம் வந்தபோது உனக்கு ஒரு சட்டை எடுக்க நினைத்தேன், துணிக்கடை அடைத்திருந்தது. கடன் நிற்கிறது.

அந்த நோன்பு மாதம் ரமலான் பஜார் கிடையாது. மாக்சிக் ஒரு பெரிய சட்டியில் பூபோர் லம்போக் கஞ்சி காய்ச்சி வாசல் வாசலாகத் தொங்கவிட்டுப் போனார். தெரிமா காசே மாக்சிக். கோயிலிலிருந்து அரிசி மூட்டையும் எண்ணெயும் வந்தன. நான் அப்போதே எட்டு மணி ஜெபத்தில் இருப்பது கோயில் தலைவருக்குத் தெரியும். மூட்டையை இறக்கிவிட்டு “எதா இருந்தாலும் கூப்பிடுங்க அக்கா” என்றுதான் சொன்னார். இன்றுவரை திருவிழா நோட்டீஸ் முதல் காப்பி எனக்குத்தான் வருகிறது.

இதை ஏன் விலாவாரியாக எழுதுகிறேன் என்றால், “சோத்துக்கு மதம் மாறினவ” என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. சோறு கொடுத்தவர்கள் பின்னாலெல்லாம் போவதென்றால் அந்த ஒரு வருஷத்தில் நான் மூன்று மதம் மாறியிருக்க வேண்டும். என் கொழுந்தனார், “வெள்ளைக்காரன் சாமி நமக்கு எதுக்கு அண்ணி?” என்று கேட்டார். வருத்தத்தில் கேட்டது, தப்பில்லை. நான் அதைப் பாட்டியிடம் கேட்டேன். நாற்பது வருஷம் பால் வெட்டிய கை, வேதத்தில் பேனாக் கோடு போடாத பக்கமில்லை. “சீகன்பால்குங்கிற ஜெர்மன் பாதிரியார் 1706-ல தரங்கம்பாடியில வந்து இறங்கினாரு. 1714-லேயே புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சுல ஏற ஆரம்பிச்சிருச்சு. நம்மள ரப்பர் வெட்டக் கப்பல்ல ஏத்துறதுக்கு எத்தனை காலம் முந்தி, கணக்குப் பாரு” என்றார். கொழுந்தனாரிடம் இதைச் சொன்னேன். சமாதானம் ஆகவில்லை. ஆனால் ஞானஸ்நானத்தன்று வெளியே மோட்டாரை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். பார்த்தேன் தம்பி. உள்ளே வரவில்லை என்றாலும் வந்தீர்கள்.

2021 ஜூலையில் உதவி வேண்டிய வீடுகளை வெள்ளைக் கொடி கட்டச் சொல்லி எங்கும் பேச்சு. எங்கள் தாமானில் முதல் கொடி ஒரு குளியல் துண்டு. புதிதாகக் கல்யாணமான ஜோடி, பையனுக்குத் தொழிற்சாலை வேலை போய்விட்டது. துண்டை மடித்துக் கட்டியிருந்தார்கள், பாதி தெரியட்டும், பாதி தெரிய வேண்டாம் என்பது போல. அதே நீல மூடித் தூக்குச்சட்டியில் நெத்திலிச் சம்பலும் சோறும் வைத்து அந்தக் கேட்டில் மாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று “பசியாறியாச்சா?” என்று கூப்பிட்டேன். அந்தப் பெண் சட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே இரண்டு முட்டை இருந்தது. பெண்ணே, அந்த முட்டையை நான் மறக்கவில்லை.

பாஸ்டர் ஐயாவுக்கு ஒரு தனி நன்றி. ஞானஸ்நானம் வேண்டும் என்று நான் கேட்டது அந்த வருஷக் கடைசியில். “மகன் வரட்டும்மா. அவனுக்குத் தெரியாம அவசரப்பட வேண்டாம்” என்றார். பாலம் திறந்தது, மகன் வந்தான். இரண்டு வருஷத்தில் தலையில் நரை. அவன் இந்தப் பக்கம் இல்லை, நெற்றியில் அப்பா மாதிரியே திருநீறு பூசித்தான் வந்தான். நான் தொட்டியிலிருந்து நடுங்கிக்கொண்டு ஏறியபோது முதல் வரிசையிலிருந்து துண்டை விரித்துக்கொண்டு ஓடிவந்தவன் அவன்தான். பாட்டி மட்டும் அன்று வரவில்லை. ஜனவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய வேதப் புத்தகம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. எலியா கதைப் பக்கத்தில் ‘கடலைப்பருப்பு’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு அக்கா, உங்களுக்குத் தனியாக எழுதப்போவதில்லை, எழுதினால் திட்டுவீர்கள். தூக்குச்சட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொண்டுவருகிறேன். உள்ளே அடை. தழலில் சுட வசதியில்லை, தோசைக்கல்லில்தான்.

அன்புடன்,
மூலை வீட்டு அக்கா