அறை காலி, பெயரைப் பார்க்கும் வரை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்பனில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் தனுஷ்கோடி பார்க்க வந்த காயல்பட்டினத்து முஸ்லிம் நண்பரின் குடும்பத்துக்கு ராமேஸ்வரத்தில் ஒரு விடுதியில் அறை கேட்டுப் போனோம். ஆதார் அட்டையில் பெயரைப் பார்க்கிற வரை காலியாக இருந்த அறை, பார்த்த பிறகு இல்லை என்றாகிவிட்டது. ஏன் தம்பி என்று கேட்டால், "முதலாளி ஆச்சாரம் பார்ப்பாரு, தப்பா நினைக்காதீங்கண்ணே" என்கிறார். பயணக் களைப்பில் நின்ற அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஆச்சாரம் அவர் உரிமை, சரி. அரசியலமைப்பின் 25-வது பிரிவு அதைத் தருகிறது. ஆனால் அடிப்படை உரிமைகளின் மற்ற பிரிவுகளுக்கு உட்பட்டுத்தான் தருகிறது. கடை, உணவகம், விடுதிக்குள் வர மதத்தையோ சாதியையோ மட்டும் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிற 15(2)-ம் அதில் சேர்த்தி. சைவம் மட்டும் சமைப்பேன் என்று ஒருவர் சொல்லலாம், அதில் எனக்கு வருத்தமே இல்லை, ஆனால் சாப்பிட வருகிறவர் யார் என்று கேட்பது வேறு. 2024 ஜூலையில், வடநாட்டில் சிவபக்தர்கள் கங்கை நீர் எடுத்துப் போகிற கன்வர் யாத்திரை வழிக் கடைகள் விஷயத்திலும், என்ன உணவு என்று எழுதினால் போதும், உரிமையாளர் பெயரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதானே உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது!

ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போய்வருகிற கரை இது. விடுதிகளுக்கு உரிமம் தருகிறபோதே 15(2)-ஐத் தமிழில் எழுதி வரவேற்பறையில் மாட்டச் சொல்ல வேண்டும், புகார் சொல்ல ஒரு எண்ணோடு.

— ஒரு வாசகர், பாம்பன்