மிச்ச நூல் போர்வைகள்: பின்னல் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த பெரிய முடிவு, புது நூல் வாங்காமல் வீட்டில் கிடக்கும் மிச்ச நூலிலேயே குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வைகள் பின்னுவது. மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் போர்வைகளைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

முதல் போர்வை வீணாகிவிட்டது. பை பையாக வந்த நூலை நிறம் பார்த்துப் பிரித்தோமே தவிர, எந்த நூல் என்று பார்க்கவில்லை. 10 செ.மீ. சதுரங்கள், அகலத்துக்கு 12, நீளத்துக்கு 15, ஆக 180 சதுரங்கள் பின்னி இணைத்தோம். வெந்நீரில் ஒருமுறை துவைத்ததும் கம்பளிச் சதுரங்கள் சுருங்கி அட்டை போல ஆகிவிட்டன. அக்ரிலிக் என்னும் செயற்கை நூலில் பின்னிய சதுரங்கள் அளவு மாறவில்லை. போர்வை முழுக்க மேடும் பள்ளமும். நூலைப் பிரித்துக் கொடுத்தவள் நான். பின்னியவர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்புறம்தான் எரித்துப் பார்க்கும் பழைய சோதனைக்கு வந்தோம். துண்டு நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் போதும். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். பருத்தி காகிதம் போல எரியும். இப்போது மூன்றுக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கிறது. மெல்லிய நூல் வந்தால் இரண்டிழை சேர்த்துப் பின்னுகிறோம்.

இந்த ஆண்டில் என் மனதில் நிற்பது ஒரு மாலைதான். உறுப்பினர் ஒருவர் தம் பாட்டி பின்னிய கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்தார். மேசையில் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தோம். ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை. நூல் தீர்ந்த இடத்தில் இரு முனைகளையும் பிரித்து, ஈரமாக்கி, உள்ளங்கையில் தேய்த்து ஒன்றாக்கியிருக்கிறார். கம்பளி இழைகள் அப்படி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், அக்ரிலிக் பற்றாது. ஒரு சதுரத்தில் நீலம் வரிசையின் பாதியில் தீர்ந்து பச்சை தொடர்கிறது. ஒரு சாண் நூலைக்கூட வெட்டி எறியாத கை அது. ஓரத்துப் பழுப்பு நூல் மட்டும் மெலிந்து தேய்ந்திருந்தது. "அம்மா சின்ன வயசில் போட்ட ஸ்வெட்டர். முழங்கை போனதும் பாட்டி பிரித்துவிட்டார்" என்றார் அவர்.

இப்படிப் பின்னிய பாட்டிகள் எத்தனையோ பேர். மிச்சத் துண்டுகளில் சதுரம் சதுரமாகப் பின்னும் குறிப்பு 1885இலேயே ஓர் அமெரிக்க இதழில் வந்திருக்கிறது. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணி ரேஷனில் இருந்தது, பின்னல் நூலுக்கும் கூப்பன் வேண்டும். பழையதைப் பிரித்துப் பயன்படுத்தச் சொல்லி 1943இல் அரசே கையேடு போட்டது. நூலை எடுத்து வைப்பது யாருக்கும் முடியும். உட்கார்ந்து பிரித்து, அலசி, மறுபடி பின்னும் பொறுமைதான் அவர்களுடைய சிக்கனம் என்று நினைக்கிறேன்.

அதை நாமும் பழகினோம். அடுத்த இரண்டு கூட்டங்கள் ஸ்வெட்டர் பிரிப்பதற்கே போயின. முதலில் பக்கத் தையலைப் பாருங்கள். துணி போல வெட்டி, விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள், துண்டு துண்டாகத்தான் வரும். விளிம்பு பின்னலாகவே முடிந்திருந்தால் நூல் தொடர்ந்து வரும். நாற்காலி முதுகில் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும்.

பார்டருக்கு மட்டும் புது நூல் வாங்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. வாங்கினால் அதிலும் மிச்சம் விழும். கடைசியில், இருப்பதிலேயே பெரிய உருண்டையை முதல் நாளே பார்டருக்கு எடுத்து வைப்பது என்று முடிவாயிற்று. சரியான முடிவு.

இதுவரை 9 போர்வைகள் முடிந்துள்ளன. குழந்தைகளுக்கான இரண்டையும் விரல் மாட்டாதபடி நெருக்கமாகப் பின்னியிருக்கிறோம். பாழான போர்வையைத் தூக்கிப் போடவில்லை. அதன் அக்ரிலிக் சதுரங்களைக் கழற்றி எடுத்துவிட்டோம். சுருங்கிய கம்பளிச் சதுரங்கள் கெட்டியாகிவிட்டதால், வெட்டினாலும் பிசிறு பிரியாது. அவற்றைச் சூடான பாத்திரம் பிடிக்கும் துணிகளாகத் தைக்கிறோம். இன்னும் 30 சதுரங்கள் பாக்கி. அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் தடித்த ஊசி கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்