இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால் டேங்க்கைக் கழற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கார் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த கட்டுரை, பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால் டேங்க்கில் உள்ள மிதவை யூனிட்டை மாற்றச் சொல்கிறது. பெட்ரோல் முள் மட்டும் தப்பு என்றால் சரியான யோசனைதான். டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஏறி நின்றாலோ, இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டாலோ டேங்க் பக்கமே போக வேண்டியதில்லை. அந்த இரண்டு மீட்டருக்கும் பொதுவாக டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். மீட்டர்களுக்கான வோல்டேஜ் ஸ்டெபிலைசர் அது. முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். டைனமோவோடு வரும் ரெகுலேட்டர் வேறு, இது வேறு. ஃபோர்டு கையேடுகளில் இதற்கும் ரெகுலேட்டர் என்றே பெயர் இருப்பதால் பட்டறையில் சொல்லும்போது 'மீட்டர் ஸ்டெபிலைசர்' என்று சொல்லிவிடுவது நல்லது.

1960-களில் பிரிட்டிஷ் கார்களுக்கு வந்த ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்களில் பெரும்பகுதியும், அதே காலத்து ஃபோர்டு, கிரைஸ்லர் மீட்டர்களும் சூட்டால் வேலை செய்பவை. உள்ளே ஒரு ஈருலோகப் பட்டை, அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பி. கம்பி சூடானால் பட்டை வளையும், முள் நகரும். பெட்ரோல் குலுங்கினாலும் முள் ஆடாமல் நிற்பது இந்த மந்தத்தால்தான். ஆனால் பேட்டரி 12 வோல்ட்டில் இருக்கும்போது ஒரு சூடு, என்ஜின் ஓடி 14 ஆகும்போது இன்னொரு சூடு என்றால் அளவு என்று எதைச் சொல்வது? அதற்காகத்தான் ஸ்டெபிலைசர். ஸ்மித்ஸில் சராசரி 10 வோல்ட், ஃபோர்டிலும் கிரைஸ்லரிலும் சுமார் 5 வோல்ட்.

சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஸ்டெபிலைசருக்குள் இருப்பதும் ஓர் ஈருலோகப் பட்டை, ஒரு சூடேற்றும் கம்பி, ஒரு ஜோடி பாயிண்ட், அதாவது தொட்டும் பிரிந்தும் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் முனைகள். பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது முழு பேட்டரி வோல்டேஜும் அப்படியே வெளியே போகும். கம்பி சூடாகிப் பட்டை வளைந்ததும் பாயிண்ட் பிரியும், ஆறியதும் சேரும். 10 வோல்ட் தரும் சூட்டுக்கு ஈடுகட்ட, 12 வோல்ட்டில் பாயிண்ட் ஏறக்குறைய 70 சதவீத நேரம் சேர்ந்திருக்க வேண்டும். 14 வோல்ட்டில் பாதி நேரம் போதும். ஆக, இந்தப் பெட்டியிலிருந்து நிலையான 10 வோல்ட் ஒருபோதும் வராது. டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, எண் தாவுகிறதே என்று நல்ல ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போடுவது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. முள் வைத்த மல்டிமீட்டரோ, 2 வாட் சின்ன பல்போ போதும். பெட்டியில் 'ஐ' என்று குறித்த வெளியீட்டு டெர்மினலுக்கும் எர்த்துக்கும், அதாவது வண்டியின் உடம்புக்கும், நடுவே பல்பை வைத்துச் சாவியைப் போடுங்கள். முதல் சில நொடிகள் விடாமல் எரியும், பிறகு சீராக மினுக்க ஆரம்பிக்கும். ஒரு நிமிடம் பொறுத்தும் மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் பிரியவில்லை. பல்பே எரியவில்லை என்றால் உள்வரவான 'பி' டெர்மினலில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தும் 'ஐ'யில் இல்லையென்றால் பாயிண்ட் கருகியிருக்கும். இரண்டு முள்ளும் படுத்துக் கிடப்பது அதனால்தான்.

பாயிண்ட் பிரியாததற்கு ஒட்டிக்கொண்டது மட்டுமே காரணமல்ல. அதைவிட அதிகம் காண்பது எர்த் கோளாறு. சூடேற்றும் கம்பியின் மறுமுனை பெட்டியின் உடம்பு வழியாக, அதைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகு வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. எர்த் இல்லையேல் கம்பி சூடாகாது, பாயிண்ட் சேர்ந்தே இருக்கும். வண்டியைப் புதுப்பித்து, உள்பக்கத் தகடுக்கும் அழகாகப் பெயின்ட் அடித்த பிறகு இரண்டு முள்ளும் மேலே போய் நிற்கிறதென்றால், திருகுக்கு அடியில் இருக்கும் பெயின்ட்தான் காரணம். பெட்டியின் உடம்பிலிருந்து நல்ல எர்த்துக்கு ஒரு வயரைத் தொட்டுப் பிடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் முள் இறங்கினால் கோளாறு தெரிந்துவிட்டது. பெயின்ட்டைச் சுரண்டிப் பல்லுள்ள வாஷர் போட்டு முறுக்குங்கள். காசே செலவில்லை.

இதைத் தள்ளிப்போடக் கூடாததற்குக் கணக்கு இருக்கிறது. சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 10 வோல்ட் ஸ்மித்ஸ் மீட்டருக்கு நேராக 14 போனால் சூடு இரண்டு மடங்கு. முள் அதிகமாகக் காட்டும், அவ்வளவு எளிதில் கருகாது. 5 வோல்ட் மீட்டருக்கு அதே 14 போனால் ஏறக்குறைய எட்டு மடங்கு. அங்கே மீட்டரே போய்விடும். கிரைஸ்லரின் பல மாடல்களில் இந்த ஸ்டெபிலைசர் பெட்ரோல் மீட்டருக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பதால், ஃபோர்டில் போல வெளியே தேடி ஏமாற வேண்டாம். மீட்டரை வெளியே எடுத்து 12 வோல்ட் பேட்டரியில் நேராக வைத்துச் சோதிப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

சூட்டில் வேலை செய்யும் பெட்டி என்பதால் அதை மாட்டும் நிலையும் முக்கியம். 'டாப்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் மேலேதான் இருக்க வேண்டும். படுக்க வைத்தால் உள்ளே வெப்பம் நகரும் விதம் மாறி சராசரி தப்பும். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகும் என்பார்கள். கொஞ்ச நாள் ஓடும். ஆனால் பட்டை இம்மியளவு விலகினாலும் 10 வோல்ட் 10 ஆக இருக்காது. இன்னொன்று: பழைய கார்கள் எல்லாவற்றிலும் இது இருக்காது. இரண்டு காயில் வைத்த அதற்கு முந்தைய மீட்டர்கள் இரு காயில்களின் விகிதத்தைக் காட்டுபவை என்பதால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு அசையாது. சாவி போட்டதும் முள் பட்டென்று குதித்தால் அந்த வகை. மெல்ல ஏறி வந்து நின்றால் சூட்டு வகை.

பெட்டி செத்தே போனால் இன்று எலெக்ட்ரானிக் மாற்று சுலபம். 7810, 7805 என்பவை நிலையான வோல்டேஜ் தரும் மூன்று கால் ரெகுலேட்டர் சிப்கள்: ஸ்மித்ஸுக்கு 10 வோல்ட் தரும் 7810, ஃபோர்டு, கிரைஸ்லருக்கு 5 வோல்ட் தரும் 7805. பழைய பெட்டியின் உள்ளுறுப்பை எடுத்துவிட்டு அதே தகரத்துக்குள் பொருத்தலாம். எழுத்து தெரியும்படி பிடித்தால் இடது கால் உள்வரவு, அதற்கு 'பி', நடுக்கால் எர்த், வலது கால் 'ஐ'. உள்வரவுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.33 மைக்ரோஃபாரட், வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கால்களுக்கு ஒட்டியே வையுங்கள். 7810-இல் விழும் சூடு ஒரு வாட் சொச்சம்தான், தகரத்தோடு முறுக்கினால் போதும். 7805 அப்படியல்ல. 14-க்கும் 5-க்கும் நடுவே 9 வோல்ட்டை அது சூடாகவே கரைக்கிறது. மூன்று மீட்டர் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால் நாலரை வாட். சரியான ஹீட் சிங்க் இல்லையென்றால் தானே அணைந்து, ஆறி, மறுபடி எழும். முள் விழுந்து எழுவதைப் பார்த்து மறுபடியும் டேங்க் யூனிட்டைச் சந்தேகிப்பீர்கள்.

7810-க்கு வேறு குறை உண்டு. 10 வோல்ட் தர அதற்கு 12 வோல்ட் வரவேண்டும். ஹெட்லைட் எரிய, ஐடிலில் பேட்டரி 11.5-க்கு இறங்கினால் முள்ளும் சற்று இறங்கும். எல்எம் 2940 என்ற இன்னொரு ரெகுலேட்டர் சிப்பின் 10 வோல்ட் வகை இந்த இடைவெளியை அரை வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது, பேட்டரியைத் திருப்பி மாட்டினாலும் தாங்கும். அதன் வெளியீட்டில் குறைந்தது 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம், இல்லாவிட்டால் நிலைகொள்ளாது.

பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடம்போடு இணைத்த கார், வைத்திருப்பவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். 1967 வாக்கில் நெகட்டிவுக்கு மாறிய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முந்தைய மாடல்கள் இந்த ரகம். பழைய சூட்டுப் பெட்டிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் கிடையாது, எந்த எர்த்திலும் ஓடும். 7805, 7810 சேர்ந்த 78 வரிசை அங்கே ஆகாது, நெகட்டிவ் வோல்டேஜுக்கான 79 வரிசைதான் வேண்டும். அதன் கால் வரிசையும் வேறு: இடது எர்த், நடு உள்வரவு. முதுகுத் தகடு எர்த்தோடு அல்ல, உள்வரவோடு சேர்ந்தது. மைக்கா தகடும் பிளாஸ்டிக் புஷும் இல்லாமல் முறுக்கினால் சாவி போட்ட நொடியில் ஷார்ட்.

வேலை முடிந்ததும் சோதிக்க ஒரே வழி போதும். சாவியை மட்டும் போட்டு மூன்று நிமிடம் காத்திருந்து பெட்ரோல் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்து, மறுபடி பாருங்கள். வோல்டேஜ் 12-இலிருந்து 14-க்குப் போயிருக்கும். முள் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்