விதை குதிரில் இருந்தால் வயல் வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் இதழில் வெளியான ஏற்காடு பற்றிய கட்டுரையில், "இம்மலையின் அரிய ஆர்க்கிட் செடிகள் தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருப்பதால் அவற்றைப் பற்றிக் கவலைகொள்ளத் தேவையில்லை" என்றொரு வரி இருந்தது. நாகலூரில் மூன்று ஏக்கர் காப்பி வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் நான் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன் என்பதைத் தெரியப்படுத்தியமைக்கு நன்றி.

1963-இல் ஏற்காட்டில் தொடங்கப்பட்ட அந்த ஆர்க்கிட் தோட்டத்தின் அருமை தெரியாமல் இதை எழுதவில்லை. மேகாலய மலைகளுக்குரிய குடுவைச் செடியை அங்கே வளர்த்திருக்கிறார்கள். என் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டியும் இருக்கிறேன். ஆனால் அது இங்கே தழைத்ததால் மேகாலயத்தில் அதன் காட்டுக்குக் காவல் கிடைத்துவிட்டதா? ஆர்க்கிட்டின் விதை தூசி போன்றது. முளைப்பதற்கான ஊட்டம் அதனுள் இல்லாததால், மண்ணிலோ மரப்பட்டையிலோ வாழும் பூஞ்சை ஊட்டினால்தான் காட்டில் அது முளைக்கும். அந்தப் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், செடி தொற்றி வளர முதிர்ந்த மரம் வேண்டும், பூத்தபின் மகரந்தம் சுமக்க அதற்குரிய பூச்சி வேண்டும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைநெல் குதிரில் இருக்கிறது என்பதற்காக எவரும் வயலை மனை போட்டு விற்பதில்லை. விற்கிறார்கள் போலும், அதே பக்கத்தின் அடியில் மலைச்சரிவு வீட்டுமனை விளம்பரத்தையும் கண்டேன்.

என் தகப்பனார் காலத்தில் எங்கள் காப்பிக்குப் பலாவும் அத்தியும் மதகிரி வேம்புமே நிழல். கோடை மழை இரண்டு விழுந்தால் பலாவின் கவைகளில் ஆர்க்கிட் பூத்துத் தொங்கும். தொண்ணூறுகளில், நேராக வளரும், மிளகு ஏறும், விலைபோகும் என்று அதிகாரி ஒருவர் சொன்னதைக் கேட்டு, பாதிக்குமேல் வெட்டிவிட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை வைத்தவன் நான்தான். மிளகு ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டு வளர்ந்த அந்த மரங்களில் ஒரு கொத்து ஆர்க்கிட்டைக்கூட இதுவரை நான் காணவில்லை. வெட்டிய பலாவிலிருந்து பெயர்த்துத் தெரிந்தவர் வீட்டுத் தொட்டியில் வைத்தவற்றுள் ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. தங்கள் கட்டுரையாளர் சொல்லும் 'பத்திரம்' அதுவாக இருக்கலாம்.

தங்கள் இதழுக்கு இது புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் "ஊருக்குள் காட்டெருமை அட்டகாசம்" என்று படம் போட்டிருந்தீர்கள். அது எருமையே அன்று, காட்டுமாடு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற அவ்விலங்கு, உண்ணிச்செடி மண்டிப் புல் அற்றுப்போன பிறகு எங்கே போய் மேயும் என்று அன்றே எழுதினேன், அக்கடிதம் அச்சேறவில்லை. ஆண்டுதோறும் மே மாத மலர்க்கண்காட்சியின் தொட்டிப் பூக்களுக்கு முழுப்பக்கம் ஒதுக்கும் தாங்கள், சேர்வராயன் என்னும் இம்மலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கி நிற்கும் வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் சிறு மரத்துக்கு ஒரு வரி ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது உள்ளூர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எங்கள் பகுதிப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். கடைசியில் காட்டினார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அலையாத்தி மரம் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. எந்தக் கடலோர ஊரின் பதிவேட்டைப் படியெடுத்தார்களோ! எந்தச் செடி எந்தப் பாறையிடுக்கில் எப்போது பூக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் கேட்டவரையில் அவர்களிடம் எவரும் வந்து கேட்டதாகத் தெரியவில்லை. தங்கள் நிருபரும் கேட்கவில்லை.

ஆகவே, அந்த வரி பிழையென்று திருத்தப் பகுதியில் ஓரிரு சொல் வெளியிட வேண்டுகிறேன். இடம் மிஞ்சினால், காட்டுமாட்டை இனியேனும் காட்டுமாடு என்றே அச்சிடவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
நாகலூர், ஏற்காடு.