கோலாலம்பூர் செந்தூலிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, முருகேசன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்புதான். கடையில் வேலை அதிகம். தீபாவளிப் பணத்தை அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், கவலைப்படாதே. சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் பசியாற, இங்கே அப்படித்தான் சொல்வார்கள், அப்பக்கார அக்கா சுடச்சுட அப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்துவிடுவார்.

விடிகாலை நாலு மணிக்கு அக்கா தேங்காய் துருவும் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். போன மாதம் மூன்று நாள் அந்தச் சத்தமே இல்லை. கதவைத் தட்டினால் நெருப்பாய்க் காய்ச்சல், கையெல்லாம் சிவப்புப் புள்ளி. டெங்கி. பப்பாளி இலைச் சாற்றைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தார். இந்த ஊர்க்காரருக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட். என்னைப் போல வந்தவர்களுக்குத்தான் பல மடங்கு. பிறகு ஏன் போகவில்லை என்பது கூட்டிப் போனபோதுதான் புரிந்தது.

அக்கா திருநங்கை என்று எழுதியிருந்தேனே. அடையாள அட்டையில் பழைய பெயர்தான். இங்கே நம் ஆட்களின் பெயருக்கு நடுவில் ‘அனாக் லெலாக்கி’ என்று வரும், இன்னாருடைய மகன் என்று அர்த்தம். அட்டை எண்ணின் கடைசி இலக்கமும் ஆணுக்கு ஒற்றைப்படை. ஆஸ்பத்திரி கவுண்டரில் அந்தப் பெயரை முழுசாகக் கூப்பிட்டார்கள். சுடிதாரில் அக்கா எழுந்ததும் கூடமே திரும்பியது. முதலில் சிரித்தது நம் தமிழாட்கள்தான், அம்மா. அட்டைப்படி ஆண்கள் வார்டு. போர்வையைக் கழுத்துவரை பிடித்தபடியே கிடந்தார். வேறு மருந்து உண்டா என்று டாக்டர் கேட்டபோது, தானாக வாங்கிப் போடும் ஹார்மோன் மாத்திரையை மறைத்தார். நான் கெஞ்சித்தான் சொல்ல வைத்தேன். ஒரு மலாய் நர்ஸ் மட்டும் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ‘காக்’ என்று கூப்பிட்டாள். மலாயில் அக்கா. அப்போதுதான் அக்கா அழுதார்.

1983-இல் முஸ்லிம்களுக்குப் பால்மாற்று ஆபரேஷன் கூடாதென்று ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வந்ததோடு, இங்கே மற்றவர்களுக்கும் நின்றுபோனதாம். காசுள்ளவர்கள் தாய்லாந்து போகிறார்கள். சொந்தக்காரர் யாருக்காவது போன் செய்யட்டுமா என்றேன். “நீதான் இருக்கியே தம்பி” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நம் செல்வியை அன்று வாசலிலேயே நிறுத்தியவன் நான்தானே. நம் வேப்பமரத்தடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடுவாளே, அந்தக் குரல் இங்கே ராத்திரியில் கேட்கிறது.

தை மாதம் சென்னையில் செல்விக்கு ஆபரேஷன், போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். போ அம்மா. இரண்டு மாதமாக அதற்குத்தான் பதில் எழுத முடியாமல் இருந்தேன். நம் ஊரில் 2008-லேயே திருநங்கைகளுக்கு வாரியம் வைத்தார்கள், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்கிறார்கள். பக்கத்தில் இருக்கத்தான் அவளுக்கு ஆளில்லை. எழும்பூரில் இறங்கு, அவள் வருவாள். ரசப்பொடி எடுத்துக்கொள். வார்டில் மறந்தும் பழைய பெயரைச் சொல்லிவிடாதே. மாட்டைப் பெரியம்மா பார்த்துக்கொள்ளும், நான் சொல்லிவிட்டேன். ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால் போடாதே. நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

உன் மகன்,
முருகேசன்