முன் டயருக்கு எவ்வளவு காற்று?

ப்ளேனோ, டெக்சாஸ்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதமும் வண்டிப் படங்களும் வந்து சேர்ந்தன. ரிட்டையர் ஆனதும் மோட்டார்ஹோம் (வீடு மாதிரி தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்கி ஊர் ஊராகச் சுற்றுவேன் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்! வாங்கியேவிட்டாய். ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் வேலை மாறி ஆஸ்டினுக்குப் போய்விட்டாள், பேரன் பள்ளி விடுமுறைக்கு எங்களிடம்தான் வருவான். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாலத்தின் இணைப்புகளில் வண்டி தூக்கிப் போடுகிறது, அலமாரிக்குள் பாத்திரமெல்லாம் உருள்கிறது, தங்கச்சிக்குக் கழுத்து வலி என்று எழுதியிருக்கிறாய். விற்றவர் ஆறு டயரிலும் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக் கொடுத்திருக்கிறார். முகாமில் பக்கத்து வண்டிக்காரர், "நான் எல்லாவற்றிலும் 55தான், மெத்தை மாதிரிப் போகும்" என்றாராம். இரண்டு பேருமே உன் வண்டியின் எடை என்ன என்று கேட்காமல் சொல்லியிருக்கிறார்கள். 80இல் உடம்பு நோகும், அவ்வளவுதான். அந்த 55 ஆளையே கொல்லக்கூடியது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உன் வண்டி ஃபோர்டு ஈ-450 சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டியது. படத்தில் டயர் பெரிதாகத் தெரிந்ததால் எழுத்தைப் படிக்க முடிந்தது: எல்டி225/75ஆர்16 என்ற அளவு, லோடு ரேஞ்ச் ஈ என்ற சுமை வகை. முன்னால் பக்கத்துக்கு ஒற்றை டயர், பின்னால் பக்கத்துக்கு இரட்டை. அதன் பக்கவாட்டில் போட்டிருக்கும்: ஒற்றையாக ஓடினால் 80 பிஎஸ்ஐயில் 2680 பவுண்டு, இரட்டையாக ஓடினால் 2470 பவுண்டு. 2680 பவுண்டைச் சுமக்க வேண்டுமானால் குளிர்ந்த டயரில் 80 பிஎஸ்ஐ இருந்தாக வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம். சுமை குறைவாக இருந்தால் காற்றும் குறையலாம். எவ்வளவு குறையலாம் என்பதற்கு டயர் கம்பெனிகள் அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. இதே அளவு டயர் 65 பிஎஸ்ஐயில் ஒற்றையாக 2335, இரட்டையாக 2150 பவுண்டு தாங்கும். இந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்.

இனி உன் வண்டியின் எடை தெரிய வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே ஏற்று: பெட்ரோல், கேஸ், மளிகை, நீங்கள் இருவரும், தண்ணீர்த் தொட்டி நிறையத் தண்ணீர். 40 காலன் தண்ணீரே 330 பவுண்டுக்கு மேல். நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன் சக்கரம் முதல் பலகையிலும் பின் சக்கரம் அடுத்த பலகையிலும் நிற்கும்படி நிறுத்தி, பட்டனை அழுத்திச் சொன்னால் போதும், சில நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். இடது வலது பிரித்து அது சொல்லாது. மோட்டார்ஹோமில் ஃப்ரிட்ஜ், ஜெனரேட்டர், தொட்டி எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவது சகஜம், அதனால் கொஞ்சம் கூட்டியே கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு சக்கரமாக எடை போட வேண்டுமானால் எஸ்கேபீஸ் என்ற மோட்டார்ஹோம்காரர்கள் மன்றத்தார் இங்கே டெக்சாஸில் லிவிங்ஸ்டனில் செய்கிறார்கள்.

முன் ஆக்சில் 4200 பவுண்டு, பின் ஆக்சில் 9000 என்று சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள். உன் மாதிரி வண்டிக்கு இது நம்பக்கூடிய கணக்கு. முன்னால் ஒரு டயருக்கு 2100, பக்க வித்தியாசம் சேர்த்து 2200 என்றே எடு. 65 பிஎஸ்ஐ 2335 தாங்கும். ஆக, முன்னால் 80இலிருந்து 65க்கு இறக்கலாம், கைவசம் மிச்சமும் இருக்கும். கனமான பக்கத்துக்கு எது தேவையோ அதையே இரண்டு பக்கமும் வை. தங்கச்சியின் கழுத்துக்கு வேண்டிய சுகம் இந்த 15 பிஎஸ்ஐயில்தான் இருக்கிறது. இருவரும் உட்காருவது முன் ஆக்சிலுக்கு மேலேதானே.

பின்னால் பார். 9000த்தை நான்கால் வகுத்தால் 2250. 65 பிஎஸ்ஐயே 2150தான் தாங்கும், பற்றாது. கனமான பக்கத்தில் இன்னும் கூடும். ஆகவே பின்னால் 80தான், அதில் கை வைக்காதே. 55 அடித்த இரட்டை டயர் உங்கள் ஊர் ஐ-17 நெடுஞ்சாலையின் மலையேற்றத்தில், ஜூன் மாத வெயிலில், 65 மைல் வேகத்தில் என்ன ஆகும்? பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடாகும், உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு ரப்பரை விட்டுப் பிரியும், ஒரு கட்டத்தில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்) முழுதாகப் பிய்ந்து வீல் ஆர்ச்சையும் கேஸ் குழாயையும் அடிக்கும்.

2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் டயர்களைத் திரும்பப் பெற்றது உனக்கு ஞாபகம் இருக்கும். சாலையில் ஓடிக்கொண்டிருந்த சுமார் 65 லட்சம் டயர்கள். டயரிலும் குறை இருந்தது. அத்தோடு, அந்த டயர் மாட்டிய எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு ஃபோர்டு சொன்னது 26 பிஎஸ்ஐ, 30 வையுங்கள் என்று ஃபயர்ஸ்டோன் பிறகு சொன்னது. உன் அரிசோனா, எங்கள் டெக்சாஸ் மாதிரி வெயில் ஊர்களில்தான் அதிகம் பிய்ந்தன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால்தான் 2007 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களில் காற்றுக் குறைந்தால் விளக்கு எரிகிறது. ஆனால் அந்த விதி 10,000 பவுண்டு வரையுள்ள வண்டிகளுக்குத்தான். உன்னுடையது 14,500 பவுண்டு வரை அனுமதி உள்ள வண்டி, விளக்கை எதிர்பார்க்காதே. வால்வில் மாட்டும் சென்சார் செட் ஒன்று வாங்கி ஆறுக்கும் போடு. உன் அப்பா லாரியைச் சுற்றி வந்து லிவரால் தட்டியே டயரைப் பார்ப்பார் என்று சொல்வாயே, அது பஞ்சரைக் காட்டும், 80க்கும் 60க்கும் வித்தியாசம் காட்டாது. உள் டயரில் காற்று இறங்கினால் வெளி டயர் சுமையைத் தாங்கிக்கொண்டு நிற்கும், கண்ணுக்கே தெரியாது. உள் வால்வை எட்டுவதற்கென்றே இரட்டைத் தலை கேஜ் (காற்றழுத்தமானி) கிடைக்கிறது, அதையும் வாங்கிவிடு.

காற்றை எப்போதும் காலையில், வண்டி நகராமல், வெயில் படுமுன் பார். ஓடிய டயரில் 80 என்பது 90ஐத் தொடும், அது இயல்பு. பயந்து இறக்கிவிடாதே. நீங்கள் கிராண்ட் கேன்யன் போவதாக இருக்கிறீர்கள் அல்லவா? ஃபீனிக்ஸில் விடிகாலை 90 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முன் டயரில் 65 வைத்தாய் என்றால், கேன்யனின் தெற்கு விளிம்பில் 50 டிகிரிக் குளிரில் வெப்பநிலையால் மட்டும் 6 பிஎஸ்ஐ குறையும். 7000 அடி உயரத்தில் வெளிக்காற்று லேசானது, அதனால் கேஜ் 3 பிஎஸ்ஐ போல் கூட்டிக் காட்டும். கூட்டிக் கழித்தால் கேஜில் 62. அங்கே முதல் நாள் காலை பார்த்து நிரப்பிக்கொள். திரும்பி ஃபீனிக்ஸுக்கு இறங்கியதும் மறுபடி ஒரு முறை.

டிரைவர் பக்கக் கதவருகே ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள அழுத்தம் ஆக்சிலின் முழு அனுமதி எடைக்கானது. அதற்குக் கீழே போகவே கூடாது என்பவர்களும் உண்டு, அட்டவணைப்படி போகலாம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. ஆனால் எடைச் சீட்டு கைக்கு வரும்வரை ஸ்டிக்கர்தான் சட்டம்.

இன்னொன்று. பழைய வண்டி, பட்டன் புதிது போல இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாய். நின்ற வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் வயதாகும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பார். 2216 என்றால் 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் சோதி, பத்து ஆனால் மாற்றிவிடு என்கிறது மிஷலின் டயர் கம்பெனி. உன் டயர் அதைத் தாண்டியிருந்தால் மேலே எழுதிய கணக்கெல்லாம் அப்புறம், முதலில் டயரை மாற்று.

இதற்குப் பிறகும் தூக்கிப் போட்டால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல். பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். தட்டுகளுக்கு இடையில் ரப்பர் விரிப்பு வை, கனமான சாமானைக் கீழ் அலமாரிக்கு மாற்று.

எடைச் சீட்டையும் ஆறு டயரின் டாட் எண்ணையும் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அக்டோபரில் அல்புகர்க்கி பலூன் விழாவுக்கு நாங்கள் வருகிறோம். நீங்களும் வண்டியோடு வந்தால் பக்கத்து இடத்துக்குச் சேர்த்தே சொல்லிவிடலாம், இப்போதே சொன்னால்தான் கிடைக்கும். தங்கச்சியை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் கணேசன்