இன்னும் காயலீங்கப்பா

அம்மணி,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை இதுவரை பதினோரு தடவை பார்த்துவிட்டேன். முதல் இரண்டு தடவை பாப்பாவைத்தான் பார்த்தேன். அப்புறம் நிறுத்தி நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, அவள் பின்னால் இருந்த பொம்மை வீட்டின் மாடித் தளத்தைப் பார்த்தேன். நடுவில் தொப்பை விழுந்திருக்கிறது. தண்ணீர் பெயிண்டை மேல்பக்கம் மட்டும் அடித்திருக்கிறீர்கள். அதைப் பற்றி ஒரு வரி டைப் செய்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு ஒரு சிவப்பு இதயம் போட்டேன். அது போடுவதற்கே எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் நான் என்ன எழுதினாலும் நீ "சரிங்கப்பா" என்று போட்டு முடித்துவிடுவாய். அதனால் இங்கே எழுதுகிறேன். உளி தீட்டுவதையும் தேக்குக்கு மெருகேற்றுவதையும் படிக்க வருகிறவர்களுக்கு இன்றைக்கு ஒன்றும் கிடைக்காது, மன்னிக்கவும். சொந்தக்காரர்கள் நாலைந்து பேரும் சத்தமில்லாமல் இங்கே வந்து போகிறார்கள் என்று தெரியும். அதனால் சிலதைத் தொடப்போவதில்லை. பழனி போய்விட்டுத் திரும்பும்போது காரில் நடந்தது, நீ ஓசூர் போன புதிதில் நான் பேசாமல் இருந்தது, எல்லாம் நமக்குள் இருக்கட்டும். அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. போனை எடுத்து அவளே பேசி முடித்திருப்பாள்.

2004இல் உன் பொம்மை வீட்டுக் கிட் வந்த அந்தப் பெட்டி எப்படி வந்தது, யார் கொடுத்தார் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் நான் அதைத் திறந்துவிட்டேன். பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம் என்றுதான். நீ வந்து "அப்பா, திறக்கலாமா?" என்று குதித்தபோது நானும் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி டேப்பைக் கிழித்தேன். அந்த டேப் நான் மத்தியானம் ஒட்டியது.

உள்ளே பிளைவுட் பலகைகள். சுவர், தளம், கூரை எல்லாம் அச்சு வெட்டி, மெல்லிய காம்பில் பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. காம்பைக் கத்தியால் அறுத்து, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, ஒரு பலகையில் நீட்டிக்கொண்டிருக்கிற நாக்கை இன்னொன்றின் துளையில் சொருகிப் பசை போட வேண்டியதுதான் வேலை. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் கணக்கு. நான் வெர்னியரை எடுத்துச் சுவரை அளந்தேன். மூன்று மில்லி. அப்படியானால் நிஜத்தில் அந்த வீட்டுச் சுவர் ஒன்றரை அங்குலம்கூட வராது. நம்மூர் ஒன்பது அங்குலச் சுவருக்கு முக்கால் அங்குலப் பலகை வேண்டாமா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சிரிக்காதே, நிஜமாகவே வரவில்லை.

என் தொழில் அப்படி. ஃபவுண்டரிக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது இரும்பு வார்க்க மணலில் அச்சு எடுக்கிற மாதிரி உரு, செய்கிறவன் உள்ளதை உள்ளபடி அளப்பதில்லை. உருகின இரும்பு ஆறும்போது மீட்டருக்குப் பத்து மில்லி சுருங்கும். அதற்காக எங்கள் ஸ்கேலே கொஞ்சம் நீளமாக இருக்கும். முப்பது வருஷம் அந்த ஸ்கேலைப் பிடித்தவன் நான். எது கையில் வந்தாலும், இது ஆறினால் எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் இழுக்கும் என்றுதான் பார்ப்பேன். உன்னையும் அப்படித்தான் பார்த்தேன் என்று நீ சொல்லுவாய். சொல்லிக்கொள்.

பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரை இழுத்தது. முதலில் நீயும் பக்கத்தில் உட்கார்ந்தாய். உப்புத்தாளை நாலாக மடித்துக் கொடுத்தேன். நீ குறுக்கே தேய்த்தாய். இழை ஓடுகிற பக்கமாகத் தேய்க்கணும் என்று வாங்கிக் காட்டினேன். திருப்பித் தரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் அந்தக் கதவு. பெட்டியோடு வந்த கதவை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அது கதவே இல்லை, பிளைவுட்டில் கோடு கீறியது. பேட்டர்ன் ஷாப்பில் கழித்த தேக்குத் துண்டில் ஆறேமுக்கால் அங்குல உயரத்துக்குப் புதிதாகச் செய்தேன். சட்டம் தனி, பேனல் தனி, நிஜக் கதவு மாதிரி நாலு பேனல். அரை அங்குலப் பித்தளைக் கீலுக்குப் பள்ளம் வெட்ட என்றே ஓர் உளி தீட்டினேன். நாலு சாயங்காலம் போனது. ஐந்தாம் நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால், வாசலிலேயே வாழைப்பழ எசென்ஸ் மாதிரி வாசம். அம்மாவின் நெயில் பாலிஷ்.

கதவு முழுக்க ரோஸ். சட்டம், பேனல், கீலுக்கு வெட்டிய பள்ளம், ஒன்றையும் விடவில்லை. தாழ்ப்பாள் வர வேண்டிய இடத்தில் ஒரு சமிக்கி ஒட்டியிருந்தாய். நீ கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய், கையில் அந்தக் குட்டி பிரஷ்.

நான் திட்டவில்லை. அது உனக்கும் நினைவிருக்கும். சட்டையைக்கூடக் கழற்றாமல் 120ஆம் நம்பர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து உன் எதிரில் உட்கார்ந்தேன். கதவை எடுக்கக் கை நீட்டினேன். நீ பதறிப்போய்ச் சொன்னாய்:

"இன்னும் காயலீங்கப்பா. கையில ஒட்டிக்கும்."

என் கைக்காகச் சொன்னாய். நான் பார்க்கத்தான் எடுக்கிறேன் என்று நினைத்திருக்கிறாய்.

தேய்த்தேன். காயாத பாலிஷ் பொடியாக வராது, சவ்வு மாதிரி திரண்டு தாளை அடைத்துவிடும். ஒரு தாள் போனது. இன்னொன்று எடுத்தேன். சமிக்கி எங்கேயோ பறந்து விழுந்தது. நீ பிரஷை பாட்டிலுக்குள் விட்டு மூடியைத் திருகினாய், நிதானமாக, இறுக்கமாக. மூன்றாவது தாளுக்கு நீ அங்கே இல்லை. சமையலறையில் அம்மா ஏதோ கேட்டதும் நீ ஒன்றும் இல்லை என்றதும் கேட்டது. அதற்கப்புறம் நீ அந்த வீட்டைத் தொடவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயே.

அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிவிட்டேன், எல்லோரும் பார்க்க. ஆனால் ஒன்று. சீலர் அடிக்காத தேக்கில் நெயில் பாலிஷ் நிற்காது, ஆறு மாதத்தில் செதில் செதிலாக உரிந்திருக்கும். கீல் பள்ளத்தில் அது தேங்கினால் கதவு மூடாது. இது உண்மை. மன்னிப்பும் உண்மை. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதக்கூடாது என்று அம்மா சொல்லியிருப்பாள்.

இந்தக் கிட்டைக் கொடுத்த வெள்ளைக்காரர் அன்றைக்கு விண்ட்சர் கோட்டையில் இருக்கிற ராணி மேரியின் பொம்மை வீட்டைப் பற்றிச் சொன்னார். பிற்பாடு நானே தேடிப் படித்தேன். 1921இலிருந்து 1924 வரை கட்டியிருக்கிறார்கள். வரைந்தவர் லட்யன்ஸ், டெல்லியில் ராஷ்டிரபதி பவனை வரைந்த அதே ஆள். அதுவும் நம்முடையது போல ஓர் அடிக்கு ஓர் அங்குலம்தான். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற மாதிரி, லிஃப்ட் ஓடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். 1,500 பேருக்கு மேல் அதில் கை வைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தையும் அதில் விளையாடுவதற்காக இல்லை, ஐம்பது தாண்டிய ராணிக்குப் பரிசு அது. ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்கிற அம்மாளின் பொம்மை வீடு இருக்கிறது, முந்நூறு வருஷத்துக்கு முந்தையது. அதற்குக் கொட்டிய பணத்தில் கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாமாம். அதுவும் பெரியவர்கள் சமாசாரம்தான்.

இதையெல்லாம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாய். பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் அவர்களில் யாரும் எட்டு வயசுப் பிள்ளையைக் கூப்பிட்டு "இது உனக்கு" என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கவில்லை. அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன்.

சரி, உன் பங்குக்கு வருகிறேன். உன் வளைகாப்பு அன்றைக்கு, இலை போடுகிற நேரம், அத்தனை பேர் நடுவில் நீ சொன்னாய்: "எங்கப்பா எனக்குப் பொம்மை வீடு வாங்கி அவரே விளையாண்டாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கையில் பாயச வாளியோடு. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கலாம், அவர்கள் மேல் வருத்தம் இல்லை. உன் மேல் இருந்தது. நான் விளையாடவில்லை அம்மணி. ஒரு நாள்கூட அதற்குள் ஒரு பொம்மையை வைத்துப் பார்த்ததில்லை. அந்த வருஷம் வேறு விஷயங்களும் இருந்தன. அதை இங்கே எழுத மாட்டேன், உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மூலைமட்டம் வைத்தால் தொண்ணூறு காட்டுகிற ஒரு பொருளாவது வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அதை விளையாட்டு என்று சொன்னால் எப்படி?

இப்போது இந்த வீடியோ. பாப்பா பசையை விரலில் எடுத்துச் சுவரில் பூசுகிறாள், கூரையில் ஓட்டை தெரிகிற இடத்தில் மீன் ஸ்டிக்கரை ஒட்டுகிறாள், நீ பின்னாலிருந்து "சூப்பர்டா தங்கம்" என்கிறாய். சுவர் சாய்ந்து நிற்பது உனக்குத் தெரியும். என் மகள், கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் சொல்லவில்லை. எனக்குக் காட்டத்தான் அனுப்பினாயா? பாருங்கப்பா, இப்படித்தான் செய்யணும் என்று? இரண்டு நாள் அந்தக் கோபத்தில்தான் இருந்தேன், உன் போனையும் எடுக்கவில்லை. பதினோராவது தடவையில்தான் கவனித்தேன், அந்த "தங்கம்" அப்படியே அம்மாவின் குரல். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நம் பொம்மை வீடு பீரோ மேலேதான் இத்தனை வருஷமும் இருந்தது, நான் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன், யாரும் தொட்டதில்லை. நேற்று கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பார்சலில் போடுகிறேன், சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையை அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல். கூரையைப் பிடித்துத் தூக்க வேண்டாம், அடிப்பலகையில் கை கொடுத்துத் தூக்கணும். அம்மா தைத்த இரண்டு தலையணையும் உள்ளே பஞ்சுக்குள் இருக்கின்றன, பெட்டியோடு குப்பையில் போட்டுவிடாதே.

கதவைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். கீலுக்கு அடியில் பள்ளத்தில் இழைக்குள் அந்த ரோஸ் இன்னும் இருக்கிறது. தின்னர் போட்டும் போகாததைத்தான் அன்றைக்குக் கீலை வைத்து மூடினேன். மேலே நான் அடித்த வார்னிஷை நேற்று ராத்திரி அதே 120இல் தேய்த்து எடுத்துவிட்டேன். இப்போது வெறும் மரம். பாப்பாவிடம் கொடு. எந்தக் கலர் வேண்டுமோ அடிக்கட்டும், நெயில் பாலிஷ் என்றாலும் சரி.

இரண்டு பக்கமும் அடிக்கச் சொல். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளையும்.

அப்பா